எனக்குப் பனி ஆகாது என்றவனுக்கு

அண்டார்டிகாவில் நீ போட்டிருந்த சிவப்புக் கோட்டு இன்று காலை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. உன் மனைவி ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பையைப் பிரித்ததுமே அந்துருண்டை நாற்றம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் போகவில்லை. திரும்ப ஒப்படைக்க வேண்டிய கோட்டை அங்கே இங்கே பேசி நீயே வைத்துக்கொண்டாய் என்று தெரியும். இத்தனை வருஷம் பீரோவில் வைத்துப் பாதுகாத்தாய் என்று தெரியாது.

பின்னாலேயே உன் மனைவி போன் செய்தார். நான் துருவப் பக்கம் போகப் போவதாகக் கேள்விப்பட்டாராம். "என்னைக்காவது அவங்க போனாங்கன்னா இதைக் குடுத்துடு" என்று நீ சொல்லி வைத்திருந்தாயாம். நல்ல பெண்மணி, சந்தோஷமாகச் சொன்னார். அவரிடம் நான் என்ன பேச முடியும்? நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னிடம் அப்படி வைக்க மாட்டேன். ரொம்பப் பெரிய மனசப்பா உனக்கு. போகிற இடத்தைப் பிடுங்கிக்கொண்டவன், போட்டுக் கழற்றிய கோட்டைக் கொடுத்தனுப்புகிறான்.

உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் கண் கலங்கப் பேசினார்கள். அண்டார்டிகாவில் ஒரு முழு வருஷம் இருந்து வந்த வீரன், பழகுவதற்கு இனியவன், இன்னும் என்னென்னவோ. மைக் என் பக்கம் வந்தபோது தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டிவிட்டேன். "குளிர்தானே மேடம், உங்களுக்கு ஆகாதே" என்றார் பக்கத்தில் இருந்தவர். செத்துப் போயும் உன் வாக்கியம் அந்த மேஜையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தொண்ணூற்றொன்றில் ஒரே மாதத்தில் அந்த ஆய்வு மையத்தில் சேர்ந்தோம். நான் பெங்களூரிலேயே, ஸ்ரீராம்புரத்துச் சந்தில் பிறந்து வளர்ந்தவள், அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் குடிநீர்க் குழாய் வேலை. நீ நாமக்கல்லிலிருந்து வந்து லிங்கராஜபுரத்தில் இரண்டு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாய். நம் பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான் என்பதால் வேலையையே தமிழில் செய்தோம். துருவங்களைக் கடந்து போகும் செயற்கைக்கோள் தரையிலிருந்து கிளம்பும் நுண்ணலைகளைப் பிடித்து அனுப்பும். அது டேப்பில் வரும். அந்த எண்களைப் பிரித்துப் பார்த்து, அந்த வருஷத்துப் பனி எப்போது விழுந்தது, எவ்வளவு ஆழம் கிடக்கிறது, எப்போது போனது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். பனி கொஞ்சம் முன்னாலேயே போனால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளையும் முன்னாலேயே போகிறது, அடியில் இருப்பது சூடாகிறது, அடுத்த வருஷத்துக் கணக்கும் குழம்புகிறது. அதனால் அந்தப் போகிற நாள்தான் நமக்கு முக்கியம்.

இதில் வேடிக்கை, நாம் இருவருமே பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அப்போது ஃப்ரிஜ்கூடக் கிடையாது. பார்க்காததற்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. பொலபொலவென்று காய்ந்து கிடக்கும் பனிக்கு ரவை என்று வைத்தோம். உருகத் தொடங்கி ஈரம் கோத்துக்கொண்ட பனிக்கு உப்புமா. "இந்த வாரம் ரவையா, உப்புமாவா?" என்று நீ கேட்பாய், சுற்றி இருப்பவர்கள் கேன்டீன் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே போகப் போகச் சொல்லத் தோன்றாது.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. அண்டார்டிகாவில் குளிர்காலம் முழுக்கத் தங்கப் போகும் குழுவில் நம் பிரிவுக்கு ஓர் இடம். ஒரே ஓர் இடம். அங்கே போய்ப் பனியில் கம்புகளை நட்டு, ஆழத்தை அளந்து, குழி வெட்டி உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்து, செயற்கைக்கோள் சொல்வதோடு ஒப்பிட வேண்டும் என்ற திட்டம் என்னுடையது. அது உனக்கும் தெரியும், டீ கொண்டு வருகிறவருக்கும் தெரியும். நீயும் மனு போட்டாய். போடு, உனக்கும் ஆசை இருக்காதா என்றுதான் நினைத்தேன். மருத்துவப் பரிசோதனையில் இருவருமே தேறினோம்.

வீட்டில் நான் பட்ட பாடு உனக்கு முழுக்கத் தெரியாது. வந்துகொண்டிருந்த வரன்களை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா அழுதார், சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து என்னைத் திட்டினார், பிறகு ஒரு நாள் சிக்பேட்டை போய்க் கம்பளிச் சாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். அதுதான் அம்மா சம்மதம் சொன்ன விதம். அந்தச் சாக்ஸைப் பார்த்துவிட்டு அப்பாவும் வாயைத் திறந்தார். நான் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் நீ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். "ஊட்டா ஆச்சா?" என்று அம்மா தன் கன்னடத்தில் உன்னைக் கிண்டலாகக் கேட்டதும், நீ இன்னும் சாப்பிடவில்லை என்று தலையை ஆட்டியதும் நினைவிருக்கிறது. மோர்க்குழம்பை இரண்டாம் முறை ஊற்றும்போது அம்மா உன்னிடம் சொன்னார்.

"அவளுக்குப் பனி ஆவாதுப்பா, சின்ன வயசுலருந்தே. காலைல பனில நின்னா மூக்கு அடைச்சிக்கும். ஒருவேள நீயும் கூடப் போனா, காதுல மஃப்ளர் கட்டிக்கச் சொல்லு. என் பேச்ச கேக்க மாட்டா."

"நான் பாத்துக்கறேம்மா," என்றாய். பார்த்துக்கொண்டாய்.

அம்மா சொன்ன பனி எது என்று உனக்கு விளக்க வேண்டுமா? மார்கழியில் எங்கள் சந்தில் இறங்குமே, கொடியில் கிடக்கும் துணியை நனைக்குமே, எதிர்வீட்டு விளக்கை மங்கலாக்குமே, அது. நாமக்கல்லிலும் அதைப் பனி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பனியில் நின்றுதான் ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் பஸ் பிடித்தேன். மூக்கடைத்தது உண்மை. மூக்கடைப்போடு முதல் வகுப்பில் தேறினேன். அம்மாவுக்கு வேறு பனி தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்கும் நம் மொழியில் அதே பெயர்தான்.

தேர்வுக் குழுவின் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வடநாட்டுக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். உட்கார வைத்து, டீ வரவழைத்து, என் திட்டத்தைப் பாராட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஸ்நோ ஒத்துக்கொள்ளாது என்று என் தாயாரே கவலைப்பட்டாராம். என் நண்பர், அதாவது நீ, அக்கறையோடு அதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவந்தாயாம். மருத்துவப் பரிசோதனை சொல்லாததைத் தாய் சொல்வாள் என்றார். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

எங்கள் வீட்டில் ஸ்நோ என்றால் முகத்தில் பூசிக்கொள்கிற க்ரீம். நான் பதற்றத்தில் ஏதேதோ சொன்னேன். காலையில் விழும் ஈரம், மூடுகிற மூட்டம், துருவத்தில் கொட்டுகிற ஸ்நோ, மூன்றுக்கும் எங்கள் மொழியில் ஒரே சொல்தான் சார், என் அம்மா சொன்னது முதல் இரண்டை என்று அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரித்தார். இடம் போகிற பயத்தில் இந்தப் பெண் கதை கட்டுகிறாள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். தமிழ் தெரியாதவருக்கு அது கதை மாதிரிதான் இருந்திருக்கும். தமிழ் தெரிந்தவன் நீ ஒருவன்தான் அந்த அறைக்குள் போயிருந்தாய்.

நேராகக் கேன்டீனுக்கு வந்தேன். நீ டீ குடித்துக்கொண்டிருந்தாய்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. உங்கம்மா சொன்னதத்தான் சொன்னேன்," என்றாய்.

"எங்கம்மா எந்தப் பனியச் சொன்னாங்கன்னு உனக்குத் தெரியாது?"

"பனின்னா பனிதானே."

என்ன நெஞ்சழுத்தம். ரவைக்கும் உப்புமாவுக்கும் வித்தியாசம் பார்த்துச் சம்பளம் வாங்கியவன், வாய் கூசாமல் பனின்னா பனிதானே என்றான். டம்ளரையே பார்த்துக்கொண்டு, அங்கே போய் எனக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று வேறு கேட்டாய். அதுவரை நீ செய்தது ஆசையில் செய்த துரோகம். அதை அக்கறை என்று நீ சொன்ன நிமிஷத்தில்தான் உன்னை வெறுக்கத் தொடங்கினேன்.

வீட்டில் இந்த வருஷம் இடமில்லையாம் என்று சொன்னேன். அம்மா ஆபீஸைக் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். என் பெண்ணுக்கு என்ன குறை என்று கேட்டார். அந்த வாயிலிருந்து வந்த வாக்கியத்தை வைத்துத்தான் என்னை நிறுத்தினார்கள் என்று எப்படிச் சொல்வேன்? சொல்லியிருந்தால் அம்மா உடைந்து போயிருப்பார். அதனால் சொல்லவில்லை.

நீ கப்பல் ஏறினாய், என் திட்டத்தோடு. கம்புகளை நட்டாய், அளந்தாய், ஒழுங்காகத்தான் செய்தாய். வேலையில் உன்னைக் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, அதுவும் ஒரு எரிச்சல். குளிர்காலம் முழுக்க நீ அனுப்பிய ஆழமும் செயற்கைக்கோள் எண்களை வைத்து என் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் சொன்ன ஆழமும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அங்கே கோடை எட்டிப் பார்த்ததும் எல்லாம் கோணிக்கொண்டது. ப்ரோக்ராம் திடீரென்று ஆழம் பூஜ்யம் என்றது. நீ ஃபேக்ஸில் எழுதியிருந்தாய்: இங்கே முழங்கால் வரை பனியில் நிற்கிறேன், உன் ப்ரோக்ராம் பனியே இல்லை என்கிறது, யாரை நம்புவது? பிரிவில் அதை எல்லோரும் கைமாற்றிப் படித்துச் சிரித்தார்கள்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள், எப்போதோ ஒரு கட்டுரையில் படித்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. பனியில் துளி ஈரம் ஏறினாலும் அது நுண்ணலையைச் சிதறடிப்பதை விட்டுவிடும், மேலே இருந்து பார்த்தால் வெறும் தரை மாதிரி தெரியும். அப்படியென்றால் பனி போகவில்லை. நனைந்திருக்கிறது. செயற்கைக்கோள் வழியே பேசும் போனில் உன்னைக் கூப்பிட அனுமதி வாங்கினேன். நிமிஷத்துக்குக் காசு கொட்டும் போன். பிரிவே என்னைச் சுற்றி நின்றது.

வெளியே போய்க் கையுறையைக் கழற்று என்றேன். ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார், கொழுக்கட்டை மாதிரி பிடிபடுகிறதா, உதிர்கிறதா, கையில் நீர் கசிகிறதா என்று வந்து சொல் என்றேன். பனியைத் தொட்டே பார்க்காதவள் பனியில் நிற்கிறவனுக்குப் பனி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். நீ ரிசீவரை வைத்துவிட்டு ஓடினாய். இந்தப் பக்கம் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நின்றோம். திரும்பி வந்து எடுத்தாய், மூச்சு வாங்கியது. பிறகு குழந்தை மாதிரி சிரித்தாய்.

"உப்புமாதான்!" என்றாய்.

அவர் என்ன சொன்னார் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். ஈரமாக இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சிரிப்பு என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். என் கை நனைந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து நம் கணக்கே மாறியது. பனி நனைகிற நாள் வேறு, பனி போகிற நாள் வேறு. அதுவரை நனைந்த நாளைப் போன நாளாக எழுதி வைத்திருந்தோம். பழைய வருஷங்களை எல்லாம் நான் உட்கார்ந்து திருத்தினேன். கட்டுரையில் இருவர் பெயரும் வந்தது, அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை நீ ஊர் திரும்பிய பிறகு செய்ததோடுதான்.

பள்ளிக்கூடம், காலேஜ், ரோட்டரி சங்கம் என்று ஸ்லைடு போட்டுப் பேசினாய். ஒவ்வொரு முறையும் அந்தப் போன் கதையைச் சொன்னாய். என் பெயரை மறைக்கவில்லை. "எங்க மேடம் பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு எனக்குப் பனி பிடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்பாய். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அவங்களுக்குப் பனி ஆகாது" என்பாய். கூட்டம் சிரிக்கும். நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய? அது ஆபீஸ் முழுக்கப் பரவியது. நான் நுழைந்தால் யாராவது எழுந்து ஏசியைக் குறைப்பார்கள். ஜன்னல் பக்கத்து நாற்காலியை எனக்குத் தர மாட்டார்கள். மேலும் இரண்டு முறை மனு போட்டேன். உங்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளாதே மேடம், ஏன் வீணாக உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று அன்பாகத் திருப்பித் தந்தார்கள். இரண்டாம் முறை நீ அந்தக் குழுவில்கூட இல்லை. உன் பொய்யைத் திரும்பச் சொல்லும் வேலையை ஆபீஸே ஏற்றுக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தேன். உருவமே மாறிப்போயிருந்தாய். உன் மனைவி ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனார். இனியாவது ஒரு வார்த்தை சொல்வாய் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக்கூட வேண்டாம், உங்கம்மா சொன்னது எந்தப் பனி என்று எனக்குத் தெரியும் என்று ஒரு வாக்கியம் போதும்.

"அங்க ஒண்ணும் பெரிசா இல்ல," என்றாய். "வெறும் வெள்ளை. நீ எதையும் இழக்கல."

ஆறுதல் சொல்கிறாயாம். எடுத்தவன் கையில் வைத்துக்கொண்டு, இது ஒன்றும் உசத்தி இல்லை என்கிறான். அன்று போனில் நீ சிரித்தது எனக்குக் கேட்டது என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் மனைவி வந்தார், சர்க்கரை போடாத காபியா என்று கேட்டாய். அவ்வளவுதான் நம் கடைசிப் பேச்சு.

இப்போது புதிதாக ஒரு தலைவர் வந்திருக்கிறார். இளையவர், உன் ஸ்லைடுகளைப் பார்க்காதவர். வடதுருவப் பக்கம் வசந்தத்தில் பனி நனைவதைப் பார்க்க ஆள் வேண்டும், உங்களை விட்டால் யார் மேடம் என்று அவரே என் பெயரைப் போட்டார். வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன். முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். ஆபீஸ் வழியாக உன் மனைவிக்கும் போயிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்தது இன்னும் அவரை எட்டவில்லை.

பிறகு மருத்துவப் பரிசோதனை. டாக்டர் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ரத்த அழுத்தத்தை மறுபடி எடுத்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, கடுங்குளிரில் அது இன்னும் சுருங்கும் என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். குளிர்ப் பிரதேசம் உங்களுக்கு ஆகவே ஆகாது என்றார். "ஒரு பத்து வருஷம் முன்னாடி வந்திருந்தா யோசிக்காம கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்று சிரித்தார், பாவம், என்னைத் தேற்றுவதற்காக. உன் பொய்க்கு வயதாகி அது நிஜமாகிவிட்டது. உனக்கு எவ்வளவு அதிர்ஷ்டம் பார்.

நேற்று சாயங்காலம் ஸ்ரீராம்புரத்துக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னேன். அம்மா என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேனே, பனி உனக்கு ஆவாதுன்னு. அந்தத் தம்பி சாப்ட வந்தப்ப அவன்கிட்டயும் சொன்னேன். நல்ல பையன், அற்ப ஆயுசுல போயிட்டான். அவன் ஒருத்தன்தான் என் பேச்ச காதுல வாங்கிக்கினான்."

"ஆமாம்மா, நல்ல பையன்," என்றேன்.

அம்மா இருக்கும் வரை நான் இதைத்தான் சொல்லியாக வேண்டும். நீ செய்த மற்றதை எல்லாம் என்றைக்காவது மறந்தாலும் மறப்பேன். இதற்கு உன்னை விட மாட்டேன்.